கிடாரோடு சேர்ந்து வந்த 'ம்ம்ம்'

சென்னையில் ஒரு உணவகத்தின் பாரில் வேலை. எலுமிச்சை பிழிந்து, ஐஸ் நிரப்பி, கிளாஸ் துடைத்து வைக்கும் அந்த மாலை நேரத்தில் பாட்டு என் பொறுப்பு. நம்ம ஊர் தி எஃப்16ஸ், 1996இல் பெங்களூரில் தொடங்கிய தெர்மல் அண்ட் அ குவார்ட்டர், இந்த இரண்டு பேண்டும் கட்டாயம் உண்டு.

ஆனால் கிடார் மெல்லிசாக வரும் இடத்திலெல்லாம் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். வயரை மாற்றினேன், போகவில்லை. ஐஸ் மெஷினை அணைத்தும் பார்த்தேன். ஒருநாள் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கியதும் சட்டென்று அமைதி. சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு பிளக்கில் எர்த் எடுக்க, ஆடியோ வயர் இரண்டையும் இணைத்து வளையமாக்கிவிடுகிறது. கரண்டின் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு அதில் ஏறிக்கொள்கிறது, அதுதான் அந்த 'ம்ம்ம்'.

இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினேன், பாதி குறைந்தது. அப்புறம் ரிச்சி தெருவில், இந்த எர்த் வளையத்தைத் துண்டிக்கும் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் வாங்கி ஆடியோ வயருக்கு நடுவில் மாட்டினேன். உள்ளே குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான்; பாட்டு போகும், நேரடி மின்தொடர்பு இருக்காது. பாட்டின் பேஸ் (கனமான அடி ஒலி) லேசாகக் குறைந்ததால் கொஞ்சம் கூட்டி வைத்தேன்.

எர்த் பின்னை மட்டும் கழற்றிவிடாதீர்கள், ஈரக் கையோடு வேலை செய்கிற இடம். இப்போது கிடார் கம்பியில் விரல் உரசுவதுகூடக் கேட்கிறது.