ரெஸ்டோர் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வாங்கப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இப்படிப் பாருங்கள்

"முழுசா ரெஸ்டோர் செய்தது, ஷோ கண்டிஷன், நேரில் பார்த்தால் விடமாட்டீர்கள்" என்று ஒரு ஹெரால்டு விளம்பரம் கண்ணில் பட்டு, கூடவே நாலு பளபள போட்டோவும் இருந்து, ஆசை வந்துவிட்டதா? பழைய கார் வாங்கிப் பழக்கமே இல்லாதவர் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். தெரிந்தவர்கள் நேராக மூன்றாவது படிக்குப் போய்விடலாம்.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டுதான் மூலம். வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிகெலோட்டி. அதையே ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று செய்து விற்றது. 948 சிசி எஞ்சின், நாலு கியர், அம்பாசடர் பக்கத்தில் நிறுத்தினால் பொடிசாகத் தெரியும். ஆரம்பத்தில் ரெண்டு கதவு, 1960களின் கடைசியில் வந்த மார்க் 3க்கு நாலு கதவு. இந்த நாலு கதவு மாடல் இங்கிலாந்தில் கிடையாது, நமக்கென்றே செய்தது.

இதில் நீங்கள் மனதில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: ஹெரால்டுக்கு லாரி மாதிரி சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) தனி, பாடி தனி. பாடியையே துண்டு துண்டாக சேஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கியிருப்பார்கள். அதனால் மேலே எவ்வளவு மினுக்கினாலும் கீழே இருக்கும் சேஸின் கதை அதில் தெரியாது. டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் பணம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். இற்றுப்போன சேஸின் மேல் அடித்த பெயிண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

படி 1: போனிலேயே பேப்பரைக் கேளுங்கள்

வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே ஆர்.சி. புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். விற்பவர் பெயரும் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றா? "அப்பா பேரில் இருக்கு, அவர் இல்லை" என்றால் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் அவர்கள் முடித்துக் கொடுத்த பிறகுதான் பேச்சு. அப்புறம் ரிஜிஸ்ட்ரேஷன் எதுவரை உயிரோடு இருக்கிறது என்று பாருங்கள். சொந்த உபயோக காருக்கு முதலில் 15 வருடம், அதற்குப் பிறகு அஞ்சு அஞ்சு வருடமாகப் புதுப்பித்திருக்க வேண்டும். நடுவில் பல வருடம் விட்டுப்போயிருந்தால் அபராதமும் அலைச்சலும் யார் தலையில் என்று இப்போதே பேசிவிடுங்கள்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிக்கென்று தனிப் பிரிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருந்தால் போதும். ஹெரால்டு எல்லாமே இதற்குள் வந்துவிடும். புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபடி புதுப்பிக்க 5,000. புது எண்ணில் "விஏ" என்று எழுத்து வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ரெண்டு கொக்கி உண்டு. இந்தப் பதிவில் தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்றுதான் எடுக்கலாம். இன்னொன்று, சேஸ், பாடி, எஞ்சின் எதையும் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. "ஓட்டுறதுக்கு ஈஸியா இருக்கட்டும்னு வேற எஞ்சின் வெச்சிருக்கோம்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், விண்டேஜ் பதிவு உங்களுக்குச் சிக்கல்தான். அந்த எஞ்சின் மாற்றம் ஆர்.சி.யிலும் ஏறியிருக்கவில்லை என்றால் நான் போய்ப் பார்க்கவே மாட்டேன்.

படி 2: ரெஸ்டோரேஷன் போட்டோ

பாடியைக் கழற்றிவிட்டு வெறும் சேஸ் நிற்கும் போட்டோவைக் கேளுங்கள். உண்மையாகவே வேலை செய்தவரின் போன் முழுக்க அந்த மாதிரி போட்டோவாக இருக்கும், கேட்காமலே காட்டுவார். பெயிண்ட் பூத்தில் எடுத்த போட்டோ மட்டும்தான் இருக்கிறது என்றால், அது ரெஸ்டோரேஷன் இல்லை, பெயிண்டிங். விலையையும் அப்படித்தான் பேச வேண்டும்.

படி 3: கீழே படுங்கள்

பகல் வெளிச்சத்தில் போங்கள். பழைய சட்டை, டார்ச், சின்ன காந்தம், ஸ்குரூடிரைவர், ஒரு நண்பர். எஞ்சினை ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், காரணம் அடுத்த படியில்.

சேஸின் நடுவில் ரெண்டு பெரிய இரும்புச் சட்டம் நீளவாக்கில் ஓடும். அதிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டினாற்போல் சில துண்டுகள் வெளியே வரும், பாடி உட்காருவது இவற்றின் மேல்தான். மழைத்தண்ணீரும் சேறும் இந்தக் கைகளில்தான் தேங்கும், துரு முதலில் பிடிப்பதும் இங்கேதான். ஸ்குரூடிரைவரின் பிடியால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். நல்ல இரும்பு "டங்" என்று பதில் சொல்லும், இற்றுப்போனது "டப்" என்று அமுங்கும். அடியில் புத்தம்புதிதாகக் கறுப்புத் தார் அடித்திருந்தால் இரட்டிப்பு சந்தேகத்தோடு தட்டுங்கள். ஒட்டுப் போட்ட இடம் இருக்கலாம், தப்பில்லை, ஆனால் வெல்டிங் முழு நீளத்துக்கும் ஓடியிருக்கிறதா, அங்கங்கே புள்ளி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் கதவைச் சாத்தி, பானெட்டுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள இடுக்கைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இருக்கிறதா? இப்போது நண்பரை விட்டு சேஸின் பக்கத்தில் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொல்லி, இடுக்கையே கவனியுங்கள். வண்டி எழும்ப எழும்ப இடுக்கு மேலே நெருங்கியோ, கதவு திறக்க முரண்டு பிடித்தோ போனால் சேஸ் வளைகிறது என்று அர்த்தம். அங்கேயே கைகுலுக்கிவிட்டுக் கிளம்பலாம்.

துணி சுற்றிய காந்தத்தை கதவின் அடிப்பகுதி, டிக்கித் தரை, டயர் வளைவு ஓரமாக நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பூசிய பட்டி கனமாக இருக்கிறது.

பின் சக்கரங்கள் ஜாக்கியில் தொங்கும்போது அவற்றின் அடிப்பக்கம் உள்ளே மடிந்து நிற்கும். பயப்படாதீர்கள், ஹெரால்டின் பின்பக்க அமைப்பே அப்படி, ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஊசலாடும், குறுக்காக ஒரே ஸ்பிரிங் பட்டை. நம் மெக்கானிக்குகளுக்கு இது பிடிபடவில்லை என்றுதான் ஹெரால்டுக்கு அடுத்து 1972இல் வந்த ஸ்டாண்டர்ட் கெஸல் காரில் சாதாரண ஒற்றை ஆக்சிலுக்கு மாறினார்கள். தரையில் நிற்கும்போது சக்கரத்தின் தலை உள்பக்கமாக நன்றாகச் சாய்ந்திருந்தால்தான் பட்டை தளர்ந்துபோனது.

படி 4: பானெட்டைத் தூக்குங்கள்

ரெண்டு பக்கமும் முன் சக்கரத்துக்குப் பின்னால் கொக்கி இருக்கும். எடுத்துவிட்டால் மட்கார்டோடு சேர்த்து மூக்கு முழுக்க முன்னால் சாய்ந்துவிடும். மெக்கானிக் முன் டயரின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம், இந்த வசதிக்காகவே இந்த வண்டியைப் பிடிக்கும் எனக்கு.

முன் சக்கரத்துக்கு உள்ளே, ஸ்டியரிங் திரும்பும் தண்டு கீழே ஒரு பித்தளைக் கட்டையில் மரை போட்டு உட்கார்ந்திருக்கும். டிரனியன் என்பார்கள். இதற்குப் போட வேண்டியது கியர் ஆயில், கிரீஸ் இல்லை. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் கிரீஸ் கன்னை எடுத்துவிடுவார்கள், அது இறுகி, உள்ளே தண்ணீர் புகுந்து, தண்டு துருப்பிடித்து ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கிப்போகும். "டிரனியனுக்கு என்ன போடுறீங்க?" என்று சும்மா கேட்டுப் பாருங்கள். சட்டென்று ஆயில் என்றால், வண்டியைத் தெரிந்தவர் கையில் இருந்திருக்கிறது.

அடுத்து எஞ்சின். நண்பர் கிளட்சை மிதித்து மிதித்து விடட்டும், நீங்கள் எஞ்சினின் முன்னால் பெல்ட் சுற்றும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். அது கண்ணுக்குத் தெரிய முன்னும் பின்னும் நகர்ந்தால் உள்ளே தண்டை நகராமல் பிடிக்கும் திரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது, பெரிய செலவுக்கு அடி போடுகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் காப்பி நிறத்தில் கொழகொழப்பு இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை, அதாவது எஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்பைச் சந்தேகப்படுங்கள். பெட்ரோல் ஹோஸ் எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள், இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் அதற்குத் தாங்காது.

இப்போது ஸ்டார்ட். ஆறிய எஞ்சின் எப்படி எழுந்திருக்கிறது என்பதுதான் நிஜம். சூடாக்கி வைத்த எஞ்சின் யார் சாவி போட்டாலும் சமர்த்தாகக் கிளம்பும். நீலப் புகை தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது.

படி 5: ஒரு சுற்று

ஓரளவு குறுகலான தெருவில் யு டர்ன் போடுங்கள். சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், சிரிப்பே வரும். முதல் கியர் போட வண்டி முழுசாக நிற்க வேண்டும், ஓடும்போது போட்டால் கரகரவென்று அலறும், அது கோளாறு இல்லை. பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். வளைவில் வேகமாகப் போய் ஆக்சிலேட்டரிலிருந்து திடீரென்று காலை எடுக்காதீர்கள், அந்த ஊசலாடும் பின் சக்கரம் உள்ளே மடிந்து வால் வீசும்.

படி 6: அட்வான்ஸ்

எஞ்சின் நம்பர், சேஸ் நம்பர் ரெண்டையும் உங்கள் கண்ணால் ஆர்.சி.யோடு ஒப்பிட்டுவிட்டு, நம்பரின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து பென்சில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸ் ரசீதில் அந்த நம்பர்களையும், வண்டியோடு தருவதாகச் சொன்ன ஸ்பேர் சாமான்களையும் ஒன்றுவிடாமல் எழுதி வாங்குங்கள், ஹெரால்டு கண்ணாடியும் பீடிங்கும் தேடினால் லேசில் கிடைக்காது. பெயர் மாற்றத்துக்கான ஃபாரம் 29, 30இல் கையெழுத்து, வெளி மாநில வண்டி என்றால் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), இவை கைக்கு வந்த பிறகு மீதிப் பணம். இன்ஷூரன்ஸ் உங்கள் பேரில் மாறும்வரை வண்டியை ஓட்டிக்கொண்டு வர வேண்டாம், ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வீட்டில் இறக்கியதும் முதல் வேலை, டிரனியனுக்கு ஆயில்.