சிறுநீரில் கிட்னியின் எதிர்காலத்தைத் தேடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

தீசிஸ் தலைப்பு பதிவு செய்யும் மாதம் வந்தால் பெங்களூருவில் எங்கள் லேபுக்கு ஒரு கூட்டம் வந்துவிடும். எம்.டி. படிக்கிறவர்கள், பிஎச்.டி.யில் புதிதாகச் சேர்ந்தவர்கள். அதில் பாதிப் பேர் ஓசூர், தருமபுரி, வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே ஆசைதான்: சர்க்கரை நோயாளிகளில் யாருக்குக் கிட்னி வேகமாகக் கெடப்போகிறது என்பதைச் சிறுநீரில் இருக்கும் ஒரு புரதத்தை வைத்து முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நல்ல ஆசை. ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் இடறிய அதே கல்லில்தான் இவர்களும் இடறுகிறார்கள். லேபிள் மாறிப்போவது, பிப்பெட்டைச் சரிபார்க்காமல் விடுவது போன்றவற்றை எல்லாம் இங்கே எழுதவில்லை; அதற்குத் திட்ட ஆளே இருக்கிறார்கள்.

டிப்ஸ்டிக்கை நம்புவது

நம்பாதீர்கள். சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சாதாரண டிப்ஸ்டிக் பட்டை நிறம் மாறுவதற்குள், ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் கசிவு ரொம்ப தூரம் போயிருக்கும்.

முப்பது, முப்பது, முப்பது

இதைப் பற்றிப் பேசினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். கிட்டத்தட்ட எல்லா தீசிஸும் இப்படித்தான் ஆரம்பிக்கும்: சிறுநீரில் ஆல்புமினுக்கும், தசைக் கழிவான கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம், அதாவது ஏசிஆர், (கிராமுக்கு மில்லிகிராம் கணக்கில்) 30க்குக் கீழே இருக்கும் முப்பது பேர், 30 முதல் 300 வரை முப்பது பேர், 300க்கு மேலே முப்பது பேர். மூன்று கூட்டத்திடமும் ஒரே நாளில் சிறுநீர் வாங்கி, கிட்னிக் குழாய்கள் அடிபட்டால் சிறுநீரில் ஏறும் என்கால் (NGAL) அல்லது கிம்-1 (KIM-1) புரதத்தை அளந்து, படிக்கட்டு போல ஏறும் ஒரு படம் வரைந்து, தலைப்பில் ‘நோய் முற்றுவதை முன்கணிக்கும் குறியீடு’ என்று போட்டுவிடுவார்கள்.

போன வருஷம் ஒரு பெண் இந்தப் படத்தோடு வந்தாள். கெட்டிக்காரப் பெண், வேலையெல்லாம் சுத்தம். “மேடம், பி வேல்யூ 0.001க்கும் கீழே!” என்றாள். கூட்டங்களுக்குள் தெரியும் வித்தியாசம் வெறும் தற்செயல் இல்லை என்று காட்டும் புள்ளிவிவர எண் அது.

“சரி. இந்தத் தொண்ணூறு பேர்ல யாருக்குக் கிட்னி கெட்டுச்சு?”

“அது இனிமேதானே மேடம் தெரியும்?”

“அப்போ நீ எதை முன்கூட்டியே சொன்னே?”

பதில் இல்லை. அவளைத் திட்டி என்ன பயன்? அந்தத் தலைப்பைக் கொடுத்ததே அவள் கைடு.

ஒரே நாளில் எடுத்த சாம்பிளில் நாளை என்று ஒன்று கிடையாது. ஆல்புமின் நிறையப் போகிறவருக்கு என்காலும் நிறையப் போகிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும். அதற்குக்கூட கிட்னியின் குழாய்கள் அடிபட்டிருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வடிகட்டியைத் தாண்டி வரும் ஆல்புமினையும் என்காலையும் முதல் வளைவுக் குழாயின் செல்கள் மெகாலின் என்ற ஒரே வாசல் வழியாகத்தான் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஆல்புமின் வெள்ளமாக வந்தால் வாசலில் நெரிசல். என்கால் உள்ளே போக முடியாமல் சிறுநீரோடு போய்விடும். ஆல்புமினை வைத்துப் பிரித்த கூட்டங்களில் என்கால் ஏறுவதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஏசிஆர் ஏற்கெனவே சொன்ன செய்தியையே, புரதத்தை அளக்கும் எலைசா கிட் வாங்கி இன்னொரு தரம் கேட்டிருக்கிறோம். செலவும் கொஞ்சம் இல்லை. 96 குழி உள்ள தட்டில் ஸ்டாண்டர்டுக்கு, அதாவது அளவு தெரிந்த ஒப்பீட்டு மாதிரிகளுக்கு, பதினாறு போனால், ஒவ்வொருவருக்கும் இரண்டு குழி என்று நாற்பது பேரைத்தான் பார்க்க முடியும். தொண்ணூறு பேருக்கு மூன்று கிட். எல்லாம் மாணவர் கைக்காசு.

முன்கணிப்பு என்று எழுத வேண்டுமானால் முதல் நாள் சிறுநீரை எடுத்து வைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். யாருக்கு ஈஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி நிமிஷத்துக்கு எத்தனை மில்லி வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு, 40 சதவீதம் விழுந்தது, யாருக்கு வருஷத்துக்கு 5 மில்லிக்கு மேல் இறங்கியது, யார் டயாலிசிஸுக்குப் போனார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கப்புறம்தான் உண்மையான கேள்வி வருகிறது: வயது, ஆணா பெண்ணா, ஈஜிஎஃப்ஆர், ஏசிஆர் இந்த நான்கை மட்டும் வைத்துக் கணக்குப் போடும் சமன்பாடு 2011இலேயே வந்துவிட்டது. உங்கள் புதுப் புரதம் அதற்கு மேல் எதையாவது கூட்டிச் சொல்கிறதா? என்கால், கிம்-1 போன்ற சிறுநீர்க் குறியீடுகள் பல ஆய்வுகளில் இந்த இடத்தில்தான் வலுவிழந்தன. ரத்தத்தில் பார்க்கும், அழற்சியோடு தொடர்புள்ள டிஎன்எஃப் ஏற்பிகள் 1, 2 இரண்டும் அவற்றைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. சிறுநீரையே வாழ்க்கையாக வைத்திருக்கும் எங்களுக்கு அது கசப்புதான்.

சிறுநீரை வைத்து ஒழுங்காகச் செய்ததும் உண்டு. ஐரோப்பாவில் நடந்த ‘பிரயாரிட்டி’ ஆய்வு, முடிவுகள் 2020இல் வந்தன. ஏசிஆர் இயல்பாக இருந்த 1,775 சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரில் 273 பெப்டைடுகளை, அதாவது புரதத் துண்டுகளை, சேர்த்துப் பார்த்தார்கள். ஆபத்து அதிகம் என்று அந்தக் குறியீடு சொன்னவர்களில் 28 சதவீதம் பேருக்குப் பின்னால் ஆல்புமின் கசிய ஆரம்பித்தது. குறைவு என்று சொன்னவர்களில் 9 சதவீதம். இதுதான் முன்கணிப்பு. அப்படிக் கண்டுபிடித்தவர்களில் ஒரு பாதிக்கு ஸ்பைரனோலாக்டோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள்; அது கசிவைத் தடுக்கவில்லை. முன்கூட்டியே தெரிவது வேறு, தடுப்பது வேறு.

மூன்று வருஷப் படிப்பில் எப்படிக் காத்திருப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய சாம்பிள்களை உறைய வைத்திருக்கும் குழு யாராவது இருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால், தொடக்கத்தில் ஒரே அளவு ஈஜிஎஃப்ஆரும் ஏசிஆரும் இருந்து, பிறகு கெட்டவர்களையும் கெடாதவர்களையும் ஜோடி சேர்த்து அளக்கலாம். நாற்பது பேர் போதும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் தொண்ணூறு பேரின் படிக்கட்டைவிட அது மேல். எதுவும் கிடைக்கவில்லை என்றால் தலைப்பை மாற்றி, ‘ஒரு நாள் ஒப்பீடு’ என்று நேர்மையாக எழுதிவிடுங்கள். அந்தப் பெண் அப்படித்தான் செய்தாள். கைடுக்குத்தான் வருத்தம்.

காலையில் எழுந்ததும்

காலை முதல் சிறுநீர் வேண்டும் என்று படிவத்தில் அச்சடித்திருக்கும். ஆனால் டப்பாவை நோயாளி லேபுக்கு வந்த பிறகுதான் கையில் கொடுப்பார்கள். அல்சூரிலிருந்து வரும் பாட்டி விடியற்காலை ஐந்து மணிக்கே வீட்டில் போய்விட்டு, பஸ் பிடித்து, வரிசையில் நின்று, ஒன்பது மணிக்கு இரண்டாவது முறையாகப் போவதைத்தான் கொடுப்பார். இன்னும் சிலர் கப்பன் பார்க்கில் ஓடிவிட்டு நேராக வருவார்கள். நின்று நடமாடினாலும் ஓடினாலும் ஆல்புமின் கூடும். முந்தின நாளே டப்பாவைக் கொடுத்தனுப்பி, அவர் பேசும் மொழியில் ஒரு தடவை சொல்லிவிட்டால் முடிந்தது. காய்ச்சல், மாதவிடாய் இருந்தால் அன்றைக்கு வேண்டாம்.

ஒரே ஒரு ஏசிஆர்

ஒரே ஆளுக்கு நாளுக்கு நாள் மாறும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டு முறையாவது அதிகமாக வந்தால்தான் கணக்கு.

மைனஸ் 20 போதும் என்று நினைப்பது

ஆல்புமினை உடனே அளப்பதென்றால் சாதாரண ஃப்ரிட்ஜிலேயே சில நாள் தாங்கும். மாதக்கணக்கில் வைப்பதென்றால் மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசர்தான். மைனஸ் 20இல் ஆல்புமின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், எல்லா சாம்பிளிலும் ஒரே அளவில் குறையாது என்பதுதான் தலைவலி. எடுத்ததும் சிறு சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உருக்காதீர்கள். உருகியதும் அடியில் படியும் வெள்ளை வண்டலில் புரதமும் இருக்கும். நன்றாகக் கலக்கிவிட்டு எடுக்க வேண்டும்.

மாத்திரைச் சீட்டைப் பார்க்காமல் விடுவது

ரத்த அழுத்த மாத்திரைகளான டெல்மிசார்டான், ராமிப்ரில் இரண்டும் ஆல்புமின் கசிவைக் குறைக்கும். சர்க்கரை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசினும் குறைக்கும், காப்புரிமை முடிந்து விலை இறங்கிய பிறகு அதை நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். அதில் இன்னொரு சங்கதி உண்டு. ஆரம்பித்த சில வாரங்களில் ஈஜிஎஃப்ஆர் சற்று இறங்கும், அப்புறம் விழும் வேகம் குறையும். அந்த முதல் இறக்கத்தை நோய் முற்றியதாக எழுதினால் கணக்கே தலைகீழ். மருந்தின் பெயர் மட்டும் போதாது, ஆரம்பித்த தேதியும் வேண்டும்.

சிறுநீர்த் தொற்றும் என்காலும்

வெள்ளை அணுக்களே என்காலைக் கொட்டும். முதலில் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்.

கிரியாட்டினினால் வகுத்ததும் நிம்மதியாகிவிடுவது

தசை குறைந்த ஒல்லியான முதியவருக்குக் கிரியாட்டினின் குறைவாகப் போகும், அதனால் விகிதம் பெரிதாகத் தெரியும். ஜிம்முக்குப் போகும் இளைஞனுக்கு இதற்கு நேர்மாறு. வகுப்பதற்கு முந்தைய எண்ணையும் அட்டவணையில் வையுங்கள்.

நோயாளிக்கு இதை எழுதிக் கொடுப்பது

ஆய்வு முடியும் முன்பே இந்தப் புரதங்களைப் பரிசோதனைச் சீட்டில் எழுதும் அவசரக்காரர்களும் உண்டு. அந்தப் பணத்துக்கு ஏசிஆரையும் ரத்தக் கிரியாட்டினினையும் சேர்த்துப் பல முறை பார்த்துவிடலாம். இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஆல்புமின் கசியாமலே ஈஜிஎஃப்ஆர் இறங்கும் சர்க்கரை நோயாளிகள் இருக்கிறார்கள். இரண்டாம் வகை என்றால் நோய் தெரிந்த நாளிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை, முதல் வகை என்றால் ஐந்து வருஷம் கழித்து.