ஹெட்லைட்டுக்குள் ஆவி படிந்தால் அவசரப்பட்டு அடைத்துவிடாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காரைக்குடிப் பக்கம் கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு புலம்பல் தவறாமல் கேட்கும்: "ஹெட்லைட்டுக்குள்ள தண்ணி போயிருச்சு." போய்ப் பார்த்தால் பாதிப் பேர் வண்டியில் தண்ணீர் இருக்காது. கண்ணாடியின் உள்பக்கம் யாரோ ஊதிவிட்டது போல மெல்லிய ஆவிதான் படிந்திருக்கும். அதைக் கண்டு பயந்து செய்கிற வைத்தியத்தில்தான் நல்ல ஹெட்லைட்டுகள் வீணாய்ப் போகின்றன.

ஹெட்லைட் காற்றுப் புகாத டப்பா இல்லை. இது தெரிந்தால் பாதித் தவறுகள் நடக்காது. விளக்கு எரியும்போது உள்ளே இருக்கும் காற்று சூடாகி விரியும், அணைத்தால் சுருங்கும். அது போய்வருவதற்கென்றே பின்பக்கம் வழி வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். சில வண்டிகளில் வளைந்த சின்ன ரப்பர் குழாய், சிலவற்றில் பஞ்சு அடைப்பு, புது வண்டிகள் பலவற்றில் காற்றை விட்டுத் தண்ணீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு. மழைக்காலத்தில் அந்த வழியாக உள்ளே போகும் காற்றில் ஈரம் இருக்கும். முன்கண்ணாடி மழையிலோ மார்கழிப் பனியிலோ குளிர்ந்ததும் அந்த ஈரம் அங்கே போய்ப் படியும். இட்லிச் சட்டி மூடியைத் தூக்கும்போது உள்பக்கம் பார்க்கிறோமே, அதே சங்கதிதான்.

அப்படியானால் எதற்குக் கவலைப்பட வேண்டும்? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மெல்லிய ஆவி, விளக்கைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டினால் கலைகிறது என்றால் ஒன்றும் செய்ய வேண்டாம். எல்ஈடி விளக்கு என்றால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். அதன் சூடு பின்பக்கம் போய்விடுவதால் முன்கண்ணாடி அவ்வளவு சீக்கிரம் காயாது. ஒரு பக்கம் மட்டும் படிகிறது, துளி துளியாகச் சேர்ந்து கோடு போட்டு வழிகிறது, அடியில் தண்ணீர் தேங்கி பிரேக் போட்டால் அலை அடிக்கிறது என்றால் அது ஒழுகல்.

ஒழுகலுக்கு நம் ஊரில் உடனே செய்வது, சுற்றிலும் சிலிக்கான் பூசுவது. நான் பார்த்ததிலேயே பெரிய தவறு இதுதான். என் அத்தை மகன் வண்டியில் இடது ஹெட்லைட்டில் தண்ணீர் இறங்கியபோது ஒரு கடையில் விட்டான். ஓரம் முழுக்கப் பூசி, பின்னால் இருந்த ரப்பர் குழாயையும் ஓட்டை என்று நினைத்து அடைத்து, "இனி ஒரு சொட்டு இறங்காதுண்ணே" என்று கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் அடியில் விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். கழற்றிப் பார்த்தோம். பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடியின் மேல் உதடு உள்பக்கமாக மடிந்து கிடந்தது. முன்பு பல்பு மாற்றியவர் மூடியைச் சரியாக உட்காரவைக்கவில்லை. அந்த மடிப்பு வழியாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. காய்வதற்கு இருந்த வழியை மட்டும் சிலிக்கான் அடைத்துவிட்டது. பல்புக்கு ஒயர் சேரும் கனெக்டரின் உலோக முனை பச்சை பூத்திருந்தது, வெளிச்சத்தை முன்னால் திருப்பி அடிக்கும் ரிஃப்ளெக்டர் புகை படிந்தது போல வெளுத்திருந்தது. வினிகர் வாசம் அடிக்கும் சிலிக்கான் காயும்போது வெளிவிடுவது அமில ஆவி. அது மூடிய இடத்துக்குள் சுற்றினால் உலோகத்தை அரிக்கும். மூடியை மட்டும் மாற்றித் தப்பியிருக்கலாம். கடைசியில் ஹெட்லைட்டையே மாற்றினான்.

அதனால் ஒழுகல் என்றால் முதலில் கைவைக்க வேண்டிய இடம் அந்தப் பின்மூடி. விரலால் சுற்றிலும் தடவிப் பாருங்கள், மடிப்போ கீறலோ தட்டுப்படும். அடுத்து காற்றுக் குழாய். இங்கே செம்மண் புழுதி அதிகம், பஞ்சு அடைப்பு அடைத்துக்கொள்ளும். செட்டிநாட்டில் இன்னொன்றும் உண்டு. பூட்டிய பெரிய வீடுகளின் கொட்டகையில் கார் மாதக்கணக்கில் நிற்கும், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வரும்போதுதான் எடுப்பார்கள். அதற்குள் குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும், இல்லை எலி ரப்பரைக் கொறித்திருக்கும். மழையே படாத வண்டியில் ஆவி போக மாட்டேன் என்கிறதே என்று குழம்பாமல் அங்கே பாருங்கள்.

அடியில் துளை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்று சொல்வார்கள். வடியும். அதே துளை வழியாகச் சக்கரம் அடிக்கும் சேற்றுத் தண்ணீரும் புழுதியும் பூச்சியும் உள்ளே வரும்.

ஹேர் டிரையரை ஒட்டிப் பிடித்துக் காயவைப்பதும் வேண்டாம். கண்ணாடி என்று நாம் சொல்வது பாலிகார்பனேட் பிளாஸ்டிக், ஒரே இடத்தில் சூடு ஏறினால் நெளியும். ஒட்டியிருக்கும் பசையும் இளகும். ஆவி சீக்கிரம் காயட்டும் என்று 100 வாட் பல்பு போடுவதும் இதே கதைதான். 55, 60 வாட்டுக்குச் செய்த ஹோல்டரும் ஒயரும் உருகிவிடும். உள்ளே துணி விட்டுத் துடைப்பது அதைவிட மோசம். ரிஃப்ளெக்டர் மேல் இருப்பது மெல்லிய அலுமினியப் பூச்சு, ஒரு துடைப்பில் கையோடு வந்துவிடும். பெட்ரோலும் தின்னரும் பிளாஸ்டிக்கில் வெடிப்பு விட வைக்கும், பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டுவிடுகிறவர்களும் உண்டு. அது கொஞ்ச ஈரத்தை உறிஞ்சிவிட்டு நின்றுவிடும், உருண்டு பல்பைத் தொட்டால் கருகும்.

சரி, காயவைப்பது எப்படி? ஊறுகாய் ஜாடிக்கு வேடு கட்டி வெயிலில் வைப்போமே, அதேதான். மழை விட்டு நல்ல வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள். ஈரக்காற்று வீசும் நாளில் திறந்தால் இன்னும் ஈரம்தான் சேரும். விளக்கை அணைத்து, ஆறவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி, பின்மூடியையும் பல்பையும் எடுங்கள். திறந்த வாயில் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, பானெட்டைத் தூக்கி வைத்து, வண்டியின் முகம் வெயிலைப் பார்க்க நிறுத்துங்கள். மாலைக்குள் காய்ந்துவிடும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியைக் கைவிரலால் தொடாதீர்கள்; விரல் எண்ணெய் பட்ட இடம் அதிகமாகச் சூடாகி ஆயுள் குறையும். திரும்ப மாட்டும்போது மூடியின் உதடு முழு வட்டமும் பதிந்ததா என்று விரலால் ஒரு சுற்று.

காய்ந்தபின், ஒழுகும் இடம் இன்னும் பிடிபடவில்லை என்றால் ஹோஸ் தண்ணீரை மெதுவாக மேலிருந்து ஒரு பகுதி ஒரு பகுதியாக விட்டு, எங்கே விடும்போது இறங்குகிறது என்று பாருங்கள். பிரஷர் பம்பை ஓரத்தில் அடிக்கக் கூடாது, நல்ல ஓரமும் திறந்துகொள்ளும். திருமயம் தாண்டி இரவெல்லாம் விளக்குப் போட்டு ஓட்டி வந்த வண்டியை, வந்த சூட்டோடு கழுவுவதும் கூடாது. சூடாக இருக்கும் ஹெட்லைட் சட்டென்று குளிர்ந்தால் வெளியே இருக்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

வாரண்டி இருக்கும் வண்டி என்றால் எதையும் நீங்கள் கழற்ற வேண்டாம். துளி நிற்கும்போதே நம்பர் பிளேட்டும் தெரிகிற மாதிரி போட்டோவும் வீடியோவும் எடுத்துவிடுங்கள். மதுரையிலோ திருச்சியிலோ இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு 90 கிலோமீட்டர் ஓட்டிப் போய்ச் சேருவதற்குள் பாதி காய்ந்திருக்கும். அங்கே பார்த்துவிட்டு "ஒண்ணும் இல்லையே சார்" என்றால் காட்டுவதற்குக் கையில் ஏதாவது வேண்டும்.