பழைய பிக்கப்பின் சேசிஸை வலுப்படுத்துகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிக்கப் வண்டிகளின் சேசிஸை வலுப்படுத்தப் புதிதாகப் பழகுவோர், பட்டறைகளில் முன்பு பலரும் செய்து, பெரும் செலவுக்குப் பின் கைவிட்ட பிழைகளையே மறுபடியும் செய்வதைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். பெயின்ட்டைச் சுரண்டாமல் வெல்டிங் வைப்பது, கண்ணாடி அணியாமல் கிரைண்டர் பிடிப்பது போன்றவற்றை அருகிலிருக்கும் எவரும் திருத்திவிடுவார்கள் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

விரிசலை மட்டும் மூடுவது

ஸ்டியரிங் பாக்ஸ் பொருந்தும் இடத்திலோ, ஸ்பிரிங்கைச் சேசிஸோடு இணைக்கும் ஹேங்கரின் அருகிலோ விரிசல் கண்டால், தளர்ந்த ரிவெட்டா, தேய்ந்த புஷ்ஷா, அளவு மீறிய பாரமா என்று முதலில் காரணத்தைத் தேட வேண்டும். விரிசல் கண்ணுக்குத் தெரியும் இடத்தைத் தாண்டியும் நீண்டிருக்கும் என்பதால், விரிசலுக்குள் ஊடுருவி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம் தடவி அதன் உண்மையான முனையைக் கண்டறிந்து, அங்கே சிறு துளையிட்ட பிறகே விரிசலை ‘வி’ வடிவில் குடைந்து நிரப்ப வேண்டும்.

தகட்டைச் செங்குத்தாக வெட்டி முடிப்பது

இன்றும் என்னைப் பொறுமையிழக்கச் செய்யும் தவறு இதுவே. கேபினுக்கும் பின்தொட்டிக்கும் இடையே விரிசல் விட்டிருந்த ஒரு வண்டிக்கு, சேசிஸைவிடத் தடித்த செவ்வகத் தகட்டை வைத்து, நான்கு பக்கமும் இடைவெளியின்றி வெல்டிங் செய்திருந்தார்கள். வெல்டிங் வரிசை பார்ப்பதற்கு அழகாகவே இருந்தது. ஆனால் தகட்டின் முனையை ஒட்டிப் புதிய விரிசல் விழுந்தது. அதை மறைக்க இன்னும் நீளமான தகடு வைத்தார்கள். விரிசல் அந்தத் தகட்டின் முனைக்கு இடம் மாறியது. அந்த வண்டி என்னிடம் வந்தபோது, தகடுகளை வெட்டியெடுத்துவிட்டு, அதே மாடல் வண்டியின் நீள்சட்டத்திலிருந்து (சேசிஸின் இருபுறமும் முன்பின்னாக ஓடும் நீண்ட இரும்புச் சட்டம்) ஒரு துண்டைத் தேடிப்பிடித்துப் பொருத்துவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

பல பழைய பிக்கப்புகளின் நீள்சட்டம், சி வடிவச் சேனலால் ஆனது. மேடுபள்ளத்தில் அது சற்று முறுக்கிக்கொண்டு மீள்வது குறையன்று. அவ்வாறு நெகிழும்படியே அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதன் ஒரு பகுதியை மட்டும் தடிமனாக்கினாலோ, திறந்த பக்கத்தை மூடிப் பெட்டியாக்கினாலோ, அந்தப் பகுதி விறைத்துப்போய், முன்பு முழு நீளத்திலும் பரவியிருந்த நெகிழ்வு அது முடியும் கோட்டில் வந்து குவிகிறது. இடுக்கியில் பிடித்த கம்பியை மடக்கினால் இடுக்கியின் வாயோரத்தில்தான் அது ஒடிகிறது, இல்லையா? அதே கோட்டில் மேலிருந்து கீழாக வெல்டிங்கும் ஓடினால், சூட்டால் பண்பு மாறிய இரும்பும் வெல்டிங் ஓரத்துப் பள்ளமும் சேர்ந்து விரிசலுக்கு வழி திறந்துவிடுகின்றன.

ஆகவே தகட்டின் முனைகளைச் சரிவாகவோ, நடுவில் உள்நோக்கி வெட்டிய மீன்வாய் வடிவிலோ வெட்டி, விறைப்பு படிப்படியாகக் குறையும்படி செய்ய வேண்டும். தகட்டின் தடிமன் சேசிஸின் தடிமனை மீறக் கூடாது. உள்ளும் புறமும் தகடு வைத்தால், இரண்டின் முனைகளும் ஒரே இடத்தில் முடியாமல் முன்பின்னாக அமைய வேண்டும். சேசிஸின் மேல், கீழ் விளிம்புகளுக்குக் குறுக்கே வெல்டிங் ஓடவே கூடாது. தகடு நகராமல் இருக்க, அதன் நடுவே துளைகள் இட்டு அவற்றை வெல்டிங்கால் நிரப்புவதே நல்ல முறை.

விளிம்புகளில் துளையிடுவது

கூடாது. வளைவின் இழுவிசையும் அமுக்கவிசையும் அங்கேதான் உச்சம். துளை தேவையெனில், மேல், கீழ் விளிம்புகளுக்கு இடையே செங்குத்தாக நிற்கும் நடுச்சுவரில் இடுங்கள்.

வண்டியைத் தாங்கலின்றி நிறுத்துவது

சேசிஸ் தொய்ந்த நிலையில் தகட்டை வைத்தால், அந்தத் தொய்வே நிரந்தரமாகிவிடும். சமதரையில் பல இடங்களில் தாங்கல் கொடுத்து, மூலைவிட்ட அளவுகளை இருபுறமும் ஒப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும். வெல்டிங்கையும் ஒரே மூச்சில் ஓட்டாமல், சிறு துண்டுகளாக இடம் மாற்றி மாற்றி வைத்தால் சூட்டினால் வரும் கோணல் குறையும்.

பேட்டரி இணைப்பு

கழற்றிவிடுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை வெல்டிங் செய்யும் இடத்துக்கு அருகிலேயே மாட்டுங்கள்.

எடை வரம்பு கூடிவிட்டதென்று நினைப்பது

கூடவில்லை. ஆக்சிலும் பிரேக்கும் டயரும் பழையவையே.

துருவை உள்ளே வைத்து மூடுவது

சுத்தியால் தட்டிப் பார்த்து, மந்தமான ஓசை எழும் இடங்களில் மெலிந்த இரும்பை வெட்டி நீக்கி, நல்ல இரும்பு வரும்வரை செல்ல வேண்டும். மெலிந்த இரும்பின்மேல் வைத்த தகடு எதையும் தாங்காது. பெட்டியாக மூடிய பகுதிக்குள் நீர் எப்படியும் புகும் என்பதால் அடியில் வடிதுளைகள் வேண்டும். வெல்டிங் சூட்டில் உட்புறப் பூச்சு எரிந்துபோயிருக்கும். எனவே வேலை முடிந்து இரும்பு ஆறிய பிறகு, நீண்ட குழாய் வழியே துருத்தடுப்பு மெழுகை உள்ளே பீய்ச்சி, அது வடிதுளைகளை அடைத்துவிடவில்லை என்பதை ஒரு கம்பியை நுழைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.