லிஸ்பனிலிருந்து ஒரே நாளில் நான்கு ஊர்கள்: வழிகாட்டியுடன் செல்லும் பயணத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

போர்த்துகல் தலைநகர் லிஸ்பனுக்கு வடக்கே பட்டால்யா, அல்கோபாசா என்ற இரு மடாலய ஊர்களும், நசரே என்ற மீனவர் ஊரும், மதில் சூழ்ந்த ஓபிடோஸும் ஏறத்தாழ ஒரே தடத்தில் இருக்கின்றன. ஆயினும் பேருந்து மாறி மாறிச் சென்று இந்நான்கையும் ஒரே நாளில் பார்த்து முடிப்பது மிகக் கடினம் என்பதால், வழிகாட்டியும் வேனும் சேர்ந்த பயணத்தையே பலர் நாடுகிறார்கள். முதன்முறையாகப் பதிவு செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: நேரக் கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் எத்தனை ஊர்கள் என்று பார்ப்பதற்கு முன், ஒரு காகிதத்தில் இதை எழுதிப் பாருங்கள். லிஸ்பனிலிருந்து பட்டால்யாவுக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து அல்கோபாசாவுக்கு அரை மணி, நசரேவுக்கு 20 நிமிடம், ஓபிடோஸுக்கு 40 நிமிடம், திரும்பி வர ஒரு மணி நேரம் எனச் சாலையில் மட்டும் 4 மணி நேரம் போய்விடும். பயணம் 10 மணி நேரம் என்றால் மதிய உணவு போக மிஞ்சுவது 5 மணி நேரம். ஊருக்கு 75 நிமிடம் கிடைக்கும். இதனுடன் ஃபாத்திமா என்ற மாதா திருத்தல ஊரையும் சேர்த்தால் அது ஒரு மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். அங்கே வேண்டுதலோடு செல்பவர்கள் ஃபாத்திமாவுக்கெனத் தனி நாள் ஒதுக்குவதே நல்லது என்பது என் கருத்து.

படி 2: நாளைத் தேர்ந்தெடுங்கள்

ஜனவரி 1, ஈஸ்டர் ஞாயிறு, மே 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களில் மடாலயங்கள் மூடியிருக்கும். நசரேயின் பேரலைகளைப் பார்க்கும் ஆசை இருந்தால், அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மாதங்களில் செல்ல வேண்டும். கடலுக்கடியில் உள்ள ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று கரைக்கு மிக அருகில் வந்து முடிவதால், அதன் வழியே வேகம் குறையாமல் வரும் அலையும் பக்கத்து ஆழம் குறைந்த பகுதியில் வரும் அலையும் கலங்கரை விளக்கத்துக்கு அருகே ஒன்றுசேர்ந்து எழும்புகின்றன. 2020 அக்டோபரில் அலைச்சறுக்கு வீரர் செபாஸ்டியன் ஸ்டூட்னர் சறுக்கிய அலையின் உயரம் 26.21 மீட்டர். கோடையில் செல்பவர்கள் இதே இடத்தில் சாதுவான கடலைத்தான் பார்ப்பார்கள். குளிர்காலத்திலும் பேரலை தினமும் வருவதில்லை.

படி 3: கட்டணத்தில் எவை அடங்கும் என்று கேளுங்கள்

இரு மடாலயங்களிலும் தேவாலயத்துக்குள் நுழையக் கட்டணம் இல்லை. உள்முற்றங்களுக்கு நுழைவுச்சீட்டு வேண்டும். சீட்டு அடங்காத மலிவான பயணத்தில் பெரும்பாலும் தேவாலயத்தோடு திரும்பிவிடுவார்கள் என்பதால், சீட்டும் அடங்குமா என்பதைப் பதிவு செய்யும்போதே எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பட்டால்யாவில் இது பெரிய இழப்பு. 1385-இல் அல்ஜுபரோட்டா போரில் வென்றதற்கு நன்றியாக முதலாம் ஜொவாவ் மன்னர் எழுப்பத் தொடங்கிய இந்த மடாலயத்தின் பின்புறத்தில், கூரை போடாமலே விடப்பட்ட எண்கோணச் சிற்றாலயத் தொகுதி ஒன்று இருக்கிறது. பூவேலை செய்த கல்வாசலைக் கடந்து உள்ளே நின்றால் தலைக்கு மேல் வானம்தான். மழைக்காலமானால் குடை தேவைப்படும். கடற்பயணங்களைத் தூண்டிய இளவரசர் ஹென்றியின் கல்லறையும் இந்த மடாலயத்தில்தான் இருக்கிறது. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று நாம் வீட்டில் புழங்கும் சொற்களெல்லாம் இந்தியாவுக்குக் கடல்வழி திறந்த பின் போர்த்துகீசியத்திலிருந்து வந்தவை என்பதால், வழிகாட்டி வளைவுகளைக் காட்டி ‘ஜனேலா’ என்னும்போது தமிழ்க் காது சட்டென்று விழித்துக்கொள்ளும்.

அல்கோபாசாவில் பெட்ரோ மன்னரின் கல்லறையும், 1355-இல் கொல்லப்பட்ட அவருடைய காதலி இனேஸ் டி காஸ்ட்ரோவின் கல்லறையும் பாதங்கள் எதிரெதிரே வரும்படி அமைந்துள்ளன. உயிர்த்தெழும் நாளில் எழுந்தவுடன் ஒருவரையொருவர் காண்பதற்காக என்று சொல்வார்கள். சீட்டு வாங்கியிருந்தால் சமையலறையைத் தவறவிடாதீர்கள்: வெள்ளை ஓடு பதித்த பிரம்மாண்டமான புகைபோக்கியின் கீழ் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்த நீர் விழும் கல்தொட்டியையும் பாருங்கள்.

படி 4: காலணியும் சாப்பாடும்

இந்த ஊர்களின் தெருக்களில் பதித்திருக்கும் சிறு கற்கள் காலங்காலமாகத் தேய்ந்து வழவழப்பாகிவிட்டவை. வழுக்கும் அடிப்பாகம் கொண்ட செருப்பில் ஒருமுறை தூறலில் நடந்து, சரிவு முழுவதும் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கியவன் நான். பிடிப்புள்ள காலணி கட்டாயம்.

மதிய உணவு பெரும்பாலும் நசரேயில் அமையும். மீன் சாப்பிடுவோருக்குக் கவலை இல்லை. சைவர்கள் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். கீரை சூப் என்று வரும் ‘கால்டோ வெர்டே’யில் பன்றி இறைச்சித் துண்டு மிதப்பது வழக்கம், அல்கோபாசாவின் மடாலய இனிப்புகளில் முட்டை மஞ்சள்கரு தாராளமாக இருக்கும்.

படி 5: ஓபிடோஸ் கடைசியில் வரட்டும்

1282-இல் தினிஸ் மன்னர் தம் ராணி இசபெலுக்குத் திருமணப் பரிசாகக் கொடுத்த ஊர் இது. நண்பகலில் அதன் முதன்மைத் தெருவில் தோளோடு தோள் உரசித்தான் நடக்க வேண்டியிருக்கும். மாலையில் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே ஓபிடோஸைக் கடைசியாக வைத்திருக்கும் பயணமாகப் பாருங்கள். மதில்மேல் நடக்கலாம், ஆனால் உட்புறத்தில் பெரும்பாலும் கைப்பிடி கிடையாது. குழந்தைகளை அழைத்துச் செல்பவர்களும் உயரத்துக்கு அஞ்சுபவர்களும் கீழேயே நின்றுகொண்டு, சாக்லேட் கிண்ணத்தில் ஊற்றித் தரும் ‘ஜின்ஜா’ என்ற செர்ரி மதுவை வேண்டுமானால் சுவைக்கலாம். மேலே ஏறுபவர்கள், வேன் எத்தனை மணிக்கு எந்த வாசலில் நிற்கும் என்று வழிகாட்டியிடம் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே ஏறுங்கள்.