ஃபிலிப்பினோவில் நான், நீ, நாம்: நாம் தடுக்கி விழும் இடங்கள்

மருத்துவம் படிக்கவோ வேலைக்கோ பிலிப்பைன்ஸ் போகும் நம்மவர்கள் பலர் அந்நாட்டு மொழியான ஃபிலிப்பினோவை ஆங்கிலம் வழியாகத்தான் படிக்கிறார்கள். நான், நீ, அவர் போன்ற மூவிடப்பெயர்களைப் பொறுத்தவரை அது வீண் சுற்று. தமிழிலிருந்தே நேராகப் போனால் பாதித் தவறுகள் வராது.

உதாரணம், தாயோவும் கமியும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்; நமக்கோ நாம், நாங்கள் என்று தனித்தனியாகவே இருக்கின்றன. கேட்பவரையும் சேர்த்தால் தாயோ, விட்டுவிட்டால் கமி. பக்கத்தில் இருக்கும் நண்பரிடம் "கக்காயின் நா கமி" என்றால், "நாங்கள் சாப்பிடப் போகிறோம், நீ இல்லை" என்று ஆகிவிடும். அவரையும் அழைப்பதென்றால் "கக்காயின் நா தாயோ" என்பதுதான் சரி.

அதிகம் பேர் தடுக்கி விழுவது அக்கோ, கோ என்ற இரண்டில். கோ என்றால் 'என்னுடைய' என்று மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு, 'நான்' வரும் இடத்திலெல்லாம் அக்கோவையே போடுகிறார்கள். ஆனால் எது வரும் என்பதை வினைச்சொல்லின் வடிவம்தான் முடிவு செய்கிறது. "குமாயின் அக்கோ நங் மங்கா" என்றால் மாம்பழம் சாப்பிட்டேன். "கினாயின் கோ அங் மங்கா" என்றால் அந்த மாம்பழத்தைச் சாப்பிட்டேன். (மங்கா நம் மாங்காய்தான், மலாய் வழியாக அங்கே போனது.) இரண்டிலும் தின்றவர் நான்தான். பேச்சு எந்தப் பழத்தைப் பற்றியது என்று தெரிந்திருந்தால் வினை கினாயின் ஆகிறது, அக்கோ கோவாகிறது. தமிழில் 'ஐ' உருபு சேர்க்கத் தோன்றும் இடம் பெரும்பாலும் இதுவே. "கினாயின் அக்கோ" என்று சொல்லிப் பாருங்கள்: என்னை எதுவோ தின்றுவிட்டது என்று பொருள் வரும்!

கா, இக்காவ் இரண்டும் 'நீ'. கா ஒருபோதும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வராது. "கூரோ கா" என்றால் நீ ஆசிரியர். "இக்காவ் அங் கூரோ" என்றால் நீதான் ஆசிரியர். கோவும் காவும் அடுத்தடுத்து வர வேண்டிய இடத்தில் இரண்டும் சேர்ந்து கித்தா ஆகிவிடும். அதனால்தான் "மஹல் கித்தா", உன்னை நேசிக்கிறேன். "மஹல் கோ கா" என்று யாரும் சொல்வதில்லை.

இடமும் முக்கியம். அக்கோ, கோ, கா போன்றவை வாக்கியத்தின் முதல் சொல்லை ஒட்டியே நிற்கும். நான் சாப்பிடவில்லை என்பதற்கு "ஹிந்தி அக்கோ குமாயின்". "ஹிந்தி குமாயின் அக்கோ" தவறு.

அப்புறம் மரியாதை. பெரியவரிடம் கா வேண்டாம், "குமுஸ்தா போ கயோ?" (நீங்கள் நலமா?) என்று கேளுங்கள்; கயோ என்றால் 'நீங்கள்', போ என்பது மரியாதைச் சொல். ஆனால் அங்கே இல்லாத பெரியவரைப் பற்றிப் பேசும்போது, 'அவர்' போல ஒரு சொல்லைத் தேடி சிலாவைப் பிடிக்காதீர்கள். அவன், அவள், அவர் மூன்றுக்கும் சியா ஒன்றே போதும், அதில் அவமரியாதை இல்லை. சிலா என்றால் அவர்கள். ஆனால் தொலைபேசியில் "சீனோ போ சிலா?" என்று கேட்டால் "அவர்கள் யார்?" என்று குழம்ப வேண்டாம். "நீங்கள் யார்?" என்று உங்களைத்தான் மிகுந்த பணிவோடு கேட்கிறார்கள்; பெயரைச் சொல்லுங்கள்.