கோர்தோபாவில் ஒரு சோம்பல் நாள்: படிப்படியாக

முதல் தடவை மட்ரித்திலிருந்து காலை ரயிலில் தெற்கு ஸ்பெயினில் உள்ள இந்த ஊருக்குப் போய் சாயங்கால ரயிலில் திரும்பினேன். கால்வலிதான் மிச்சம். இரண்டாவது தடவை நிதானமாகப் பார்த்தேன், அதைத்தான் எழுதுகிறேன். விசா, டிக்கெட் கதையெல்லாம் இங்கே கிடையாது.

படி 1: முந்தின நாளே போய்ச் சேருங்கள்

அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அதனால்தான் ஒரே நாளில் போய்வரலாம் என்று ஆசை வருகிறது. வேண்டாம். பழைய நகருக்குள்ளேயே அறை எடுங்கள். கூழாங்கல் பதித்த சந்துகளில் சக்கரப் பெட்டியை இழுப்பதைப் போல தண்டனை இல்லை, தோள்பைதான் சரி. செருப்பும் தடித்த அடியுள்ளதாக இருக்கட்டும்.

படி 2: காலை 8.30 (நான் கோட்டைவிட்ட இடம்)

மெஸ்கித்தா பள்ளிவாசலாகக் கட்டப்பட்டு, இப்போது கத்தோலிக்கப் பேராலயமாக இருக்கிறது. திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை தனியாக வருபவர்களுக்குக் கட்டணம் கிடையாது. சுற்றுலாக் குழுக்களையும் அப்போது விடுவதில்லை. முதல் தடவை பதினொரு மணிக்குப் போய், வழிகாட்டிகள் தூக்கிப் பிடித்த குடைகளைத்தான் அதிகம் பார்த்தேன்.

இந்தத் தடவை 8.20-க்கே ஆரஞ்சு மர முற்றத்தில் நின்றேன். உள்ளே நுழைந்ததும் இருட்டு. கண் பழகப் பழக, தூணுக்குப் பின்னால் தூண். 850-க்கும் மேலே இருக்கின்றன. 785 வாக்கில் அப்போது இங்கே ஆண்ட முதலாம் அப்துர் ரகுமான் கட்டத் தொடங்கியபோது, பழைய ரோமானிய, அவர்களுக்குப் பின் ஆண்ட விசிகோத்தியக் கட்டடங்களின் தூண்களைக் கொண்டுவந்து நட்டார்கள். அவை குட்டையாக இருந்ததால் வளைவுக்கு மேல் இன்னொரு வளைவு வைத்துக் கூரையை உயர்த்தினார்கள்.

அப்படியே கிழக்குப் பக்கம் நடந்து அண்ணாந்து பாருங்கள். பழைய பகுதி வளைவுகளில் சிவப்பு நிஜமான செங்கல், வெளுப்பு கல். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஆட்சியை நடத்திய அமைச்சர் அல்மன்சூர் சேர்த்த இந்தப் பகுதியில் எல்லாமே கல். சிவப்பு வெறும் பெயின்ட்! இதைக் கண்டுபிடிக்கவே எனக்குக் கால் மணி ஆனது. நடுவே திடீரென்று வெளிச்சமாக எழும்பி நிற்பது 1523-இல் தொடங்கிய தேவாலயம். 9.30 நெருங்கும்போதே வெளியே அனுப்ப ஆரம்பிப்பார்கள், அதனால் தொழுகைத் திசையைக் காட்டும் மாடமான மிஹ்ராபைக் கடைசிக்கு வைக்காதீர்கள்.

(பின்சேர்க்கை: ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாந்ததாக ஒருவர் பின்னூட்டத்தில் திட்டியிருந்தார். ஞாயிறு இந்த இலவச நேரம் இல்லை, காலையில் வழிபாடும் உண்டு.)

படி 3: யூதர் குடியிருப்பு

கூகுள் மேப்பைப் பையில் போடுங்கள். இந்தச் சந்துகளில் நீல நிறப் புள்ளி சுவரைத் தாண்டிக் குதிக்கும். 1315-இல் கட்டிய யூத வழிபாட்டுக்கூடம் ஒரே அறைதான், பத்து நிமிடம் போதும். பக்கத்திலேயே இந்த ஊரில் பிறந்த யூதத் தத்துவஞானி மைமோனிதஸின் சிலை. தொட்டுத் தொட்டு அவர் கால் பளபளக்கிறது. திங்கட்கிழமை மட்டும் வராதீர்கள். வழிபாட்டுக்கூடம், அல்காசர் கோட்டை இரண்டும் பூட்டியிருக்கும்.

படி 4: சாப்பாடு, தூக்கம்

மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு மேல்தான். சல்மொரேஹோ சொல்லுங்கள்: தக்காளி, ரொட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய் அரைத்த குளிர்ந்த கெட்டிக் குழம்பு. கூடவே தேன்பாகு ஊற்றிய கத்திரிக்காய் வறுவல்.

(பின்சேர்க்கை 2: "சின் கார்னே", அதாவது இறைச்சி வேண்டாம், என்று சொல்லியும் சல்மொரேஹோ மேல் பன்றித்துண்டு தூவி வந்ததாம் ஒரு வாசகிக்கு. அங்கே பலருக்கு ஹமோன், அதாவது உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, 'இறைச்சி' கணக்கில் வராது. "சின் ஹமோன், சின் உவேவோ" என்று பன்றி, முட்டை இரண்டையும் பேர் சொல்லி மறுங்கள்.)

பிறகு தூங்குங்கள். ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர். நம்ம வேலூர்க்காரர்களுக்கே முடியாது.

படி 5: ரோமானியப் பாலம்

வெயில் இறங்கியதும் குவாதல்கிவிர் ஆற்றைக் கடந்து கலஹோர்ரா கோபுரத்துப் பக்கம் போய்விடுங்கள். மெஸ்கித்தா மேல் விளக்கு ஏறுவதை அங்கிருந்துதான் பார்க்க வேண்டும். பாலத்தின் நடுவே ரஃபேல் தேவதூதர் சிலைக்கடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைப்பார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்வதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். என் சட்டைக் கையில் ஒட்டிய சிவப்பு மெழுகு இன்னும் போகவில்லை.